போலீஸ் சீரிஸ் நிஜமா இருக்கணுமா, விறுவிறுப்பா இருக்கணுமா? கொச்சியை வைத்து ஒரு விளக்கம்

வெள்ளிக்கிழமை ராத்திரி. ஆபீஸ் முடிந்து வந்து, பார்சல் பரோட்டாவைப் பிரித்து வைத்துக்கொண்டு, 'ஆறு எபிசோட்தானே, இன்னிக்கே முடிச்சிடலாம்' என்று ஒரு மலையாள போலீஸ் சீரிஸைப் போடுகிறீர்கள். இரண்டாவது எபிசோட் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர் போனை எடுத்துவிட்டார். "என்னப்பா இது, லாட்ஜ் லெட்ஜரையே புரட்டிக்கிட்டு இருக்காங்க?" நீங்கள் கடுப்பாகிறீர்கள். "அதுதான் போலீஸ் வேலை. சும்மா பறந்து பறந்து அடிச்சாத்தான் பார்ப்பியா?"

இந்தச் சண்டை நடக்காத வீடு குறைவு. ஒரு கட்சிக்கு நிஜம் வேண்டும். இன்னொரு கட்சிக்கு விறுவிறுப்பு வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் ரசனை வித்தியாசம்தான். ஆனால் இரண்டு தரப்பும் 'நிஜம்' என்ற ஒரே சொல்லை வேறு வேறு அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்பதுதான் இதில் சிக்கலே. கொச்சியை, குறிப்பாக மட்டாஞ்சேரிப் பக்கத்தை, திரையில் காட்டிய சில கதைகளை வைத்து இதைப் பிரித்துப் பார்க்கலாம். கதை முடிவுகள் எதுவும் கீழே இல்லை, தைரியமாகப் படிக்கலாம்.

எந்த சீரிஸால் இந்தப் பேச்சு?

2023 ஜூன் 23 அன்று டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் 'கேரளா க்ரைம் ஃபைல்ஸ்' வெளியானது. அந்தத் தளத்தின் முதல் மலையாள ஒரிஜினல் சீரிஸ் அதுதான். இயக்கம் அகமது கபீர். சி.ஐ. குரியனாக லால், எஸ்.ஐ. மனோஜாக அஜு வர்கீஸ். கதை 2011ல் நடக்கிறது. எர்ணாகுளத்தில் ஒரு சாதாரண லாட்ஜில் பாலியல் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். போலீஸ் கையில் இருப்பது லாட்ஜ் லெட்ஜரில் எழுதப்பட்ட ஒரு வரி மட்டும்: ஷிஜு, பாறயில் வீடு, நீண்டகர. கொல்லம் மாவட்டத்து மீன்பிடித் துறைமுக ஊரான நீண்டகரையில் போய்த் தேடினால் அது பொய் முகவரி.

அவ்வளவுதான் முடிச்சு. மிச்சமெல்லாம் நடை. ஒரு ஆளைக் கேட்பது, அவர் சொன்ன இன்னொரு ஆளைத் தேடிப் போவது, அங்கே ஒன்றும் கிடைக்காமல் திரும்புவது, நடுவில் ஒரு டீ. துப்பறியும் மேதை என்று யாரும் இல்லை. வீட்டில் கர்ப்பிணி மனைவி, மேலே அதிகாரியின் நெருக்கடி, கீழே சரியாகத் தூங்காத காவலர்கள்.

2025 ஜூனில் வந்த இரண்டாவது சீசன் பாதையை மாற்றியது. 'கிஷ்கிந்தா காண்டம்' எழுதிய பாஹுல் ரமேஷ் இதற்கு எழுத்தாளர். அம்பிலி ராஜு என்ற சி.பி.ஓ. காணாமல் போகிறார். சி.பி.ஓ. என்றால் சிவில் போலீஸ் ஆபீசர், நம்ம ஊர் கான்ஸ்டபிள் மாதிரி. இந்திரன்ஸ் அந்த வேடத்தில் வருகிறார். முதல் சீசனை 'டாக்குமெண்டரி மாதிரி' என்று ஒதுக்கியவர்களில் பலர் இதில் ஒட்டிக்கொண்டார்கள். முதல் சீசனின் எளிமைக்காகவே அதைக் கொண்டாடியவர்களில் சிலரோ இதன் முடிச்சுகள் ரொம்பவே 'எழுதப்பட்டவை' என்றார்கள். ஒரே சீரிஸ், ஒரே இயக்குநர், இரண்டு சீசனுக்கும் எதிரெதிர் புகார்.

'நிஜம்' என்று எதைச் சொல்கிறோம்?

குறைந்தது மூன்று விஷயங்கள் இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, நடைமுறை நிஜம். எஃப்.ஐ.ஆர். எப்படிப் போடுகிறார்கள், யார் கையெழுத்து வாங்குகிறார்கள், எந்த அதிகாரி யாருக்கு சல்யூட் அடிக்கிறார் என்பது. இதில் கேரள எழுத்தாளர்கள் கில்லாடிகள். ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். 2011ல் கேரளத்தில் ஸ்டேஷன் பொறுப்பு எஸ்.ஐ.யிடம் இருக்கும், சி.ஐ. மேலிருந்து கண்காணிப்பார். பின்னாளில்தான் இன்ஸ்பெக்டர்களே ஸ்டேஷன் ஹவுஸ் ஆபீசர்கள் ஆனார்கள். குரியனுக்கும் மனோஜுக்கும் நடுவில் இருக்கும் அந்த 'பெரியவர், சின்னவர்' உறவு அந்தக் காலத்து அமைப்போடு பொருந்துகிறது. நமக்கு இது கண்ணில்கூடப் படாது. ஆனால் ஸ்டேஷன் தெரிந்தவர்கள் இதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

இரண்டு, இடத்தின் நிஜம். தெரு, வெளிச்சம், வேர்வை, முக்கியமாகப் பேச்சு. தமிழ்ப் பார்வையாளர்களான நமக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நீங்கள் மலையாள ஆடியோவில் சப்டைட்டிலோடு பார்த்தீர்களா, தமிழ் டப்பிங்கில் பார்த்தீர்களா? கொச்சிக்காரர் பேச்சும் கொல்லத்துக்காரர் பேச்சும் ஒன்றல்ல. டப்பிங்கில் எல்லோரும் ஒரே ஸ்டூடியோ தமிழ் பேசுகிறார்கள். அப்போது திரையில் மிஞ்சுவது மெதுவாக நடக்கும் விசாரணை மட்டும்தான். அதை நிஜமாக்கிய பேச்சு போய்விடுகிறது. 'ஸ்லோ' என்று சொன்ன நண்பரும் 'செம ரியலிஸ்டிக்' என்று சொன்ன நீங்களும் ஒருவேளை வேறு வேறு ஆடியோவில் பார்த்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

பேச்சு என்றதும் இன்னொன்று. போலீஸ் பொதுமக்களை எப்படிக் கூப்பிடுகிறது என்பது கேரளத்தில் நீதிமன்றம் வரை போன விஷயம். 'எடா', 'எடீ', 'நீ' என்று குடிமக்களை விளிக்கக் கூடாது என்று 2021ல் கேரள உயர்நீதிமன்றம் சொல்ல, டி.ஜி.பி. சுற்றறிக்கையே அனுப்பினார். ஆக, ஒரு சீரிஸில் எஸ்.ஐ. 'எடா' என்று அதட்டினால் அது நிஜமா, சட்டமீறலா? இரண்டும்தான். தமிழ் டப்பிங்கில் அது ஒரு 'டேய்' ஆகிக் கடந்துவிடும். நம்ம ஊர் ஸ்டேஷனில் 'டேய்' கேட்டு நமக்குப் பழகிப்போனதால் அது காதில்கூட விழாது.

மூன்றாவது, அதிகாரத்தின் நிஜம். ஸ்டேஷனுக்குள் யார் யாரை என்ன செய்ய முடியும், யார் கேள்வி கேட்க முடியாது என்பது. முதல் இரண்டிலும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு மூன்றாவதில் சறுக்குகிற படைப்புகள் ஏராளம். எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். கொஞ்சம் கழித்து இதற்கு வருகிறேன்.

மட்டாஞ்சேரிக்கு இதில் என்ன வேலை?

காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு மட்டாஞ்சேரி என்றால் ஞாயிற்றுக்கிழமை. டச்சு அரண்மனை, யூதத் தெரு, பழைய மிளகு கிட்டங்கிகள், காயீஸ் பிரியாணி. குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள் என்று ஒரு சின்ன நிலத்துண்டில் இத்தனை சமூகங்கள் நெருங்கி வாழும் இடம் தென்னிந்தியாவில் அரிது. பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் இருக்கும் தோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் என்பது கொச்சித் தமிழர்களுக்கே பல பேருக்குத் தெரியாது.

மலையாள சினிமாவில் இதே மட்டாஞ்சேரிக்கு வேறு முகம். அங்கே அது 'கொட்டேஷன்' ஊர். கொட்டேஷன் என்றால் விலை பேசி அடியாள் வேலை எடுப்பது. 2007ல் வந்த 'பிக் பி', 'சோட்டா மும்பை' தொடங்கி, மேற்குக் கொச்சி என்றாலே ரௌடி என்று ஒரு குறுக்குவழி உருவாகிவிட்டது. ஒரு பாத்திரம் அந்தப் பேச்சுவழக்கில் வாயைத் திறந்தாலே போதும், அவன் கையில் கத்தி இருக்கும் என்று பார்வையாளர் முடிவு கட்டிவிடுவார். நம்மூரில் மதுரைக்கும் வடசென்னைக்கும் நடந்ததுதான் அங்கே மட்டாஞ்சேரிக்கு நடந்தது. அந்த ஊர்க்காரர்கள் இதைப் பற்றிப் புலம்புவதும் நம்ம ஊர்ப் புலம்பல் மாதிரியேதான்: வேலை கேட்டுப் போனால், வாடகைக்கு வீடு கேட்டால், ஊர் பேரைச் சொன்னதும் எதிராளியின் முகம் மாறுகிறது.

இங்கேதான் 'நிஜம்' தந்திரம் செய்கிறது. தெரு நிஜம், படகு நிஜம், பேச்சு நிஜம். ஆனால் அந்தத் தெருவில் வாழும் ஆயிரம் பேரில் ஒருவனை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினால்? ஒவ்வொரு படமும் தனித்தனியாக நிஜம்தான். எல்லாம் சேர்ந்து ஒரு பொய்.

இதற்கு எதிர்வாதமும் மலையாளத்திலேயே இருக்கிறது. ராஜீவ் ரவி 2013ல் எடுத்த 'அன்னயும் ரசூலும்' அதே தெருக்களில் ஒரு டாக்ஸி டிரைவரின் காதலை வைத்தது. சௌபின் ஷாகிர் இயக்கிய 'பறவ' (2017) மட்டாஞ்சேரி மாடிகளில் புறா வளர்க்கும் பையன்களைப் பார்த்தது. 2023ல் ராஜீவ் ரவியின் 'துறைமுகம்' இன்னும் பின்னால் போனது. கொச்சித் துறைமுகத்தில் அப்போது 'சாப்பா' முறை இருந்தது. வேலைக்கு வந்து நிற்கும் கூட்டத்தின் மேல் உலோக டோக்கனை வீசி எறிவார்கள், முண்டியடித்துப் பொறுக்குகிறவனுக்கு அன்றைக்கு வேலை. அதை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள் மேல் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிர்கள் போயின. ஆக, மட்டாஞ்சேரிக்கும் போலீஸுக்குமான கதையை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து வில்லன் மாறுகிறான்.

யார் எழுதுகிறார்கள் என்பது முக்கியமா?

ரொம்பவே. மலையாள போலீஸ் கதைகளின் நம்பகத்தன்மைக்கு ஒரு நேரடிக் காரணம், எழுதுகிறவர்களில் சிலர் யூனிஃபார்ம் போட்டவர்கள். 'ஜோசப்' (2018), 'நாயாட்டு' (2021) படங்களை எழுதியவரும் 'இல வீழா பூஞ்சிற', 'ரோந்து' படங்களை இயக்கியவருமான ஷாஹி கபீர் போலீஸ் வேலையில் இருந்தவர். ராஜீவ் ரவியின் 'குற்றவும் சிக்ஷயும்' (2022) எழுதியவர்களில் ஒருவரான சிபி தாமஸ் போலீஸ் அதிகாரி. நகைக்கடைத் திருட்டைத் துரத்திக்கொண்டு கேரள போலீஸ் வடக்கே போகும் கதை அது. தமிழிலும் 'டாணாக்காரன்' (2022) இயக்கிய தமிழ் முன்னாள் போலீஸ்காரர்தான்.

திலீஷ் போத்தனின் 'தொண்டிமுதலும் த்ருக்ஸாக்ஷியும்' (2017) ஒரு படி மேலே போனது. காசர்கோடு பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் நடக்கும் கதைக்கு, நிஜ போலீஸ்காரர்கள் பலரையே நடிக்க வைத்தார்கள், சிபி தாமஸ் உட்பட. ஒரு திருடன் தாலிச் சங்கிலியை விழுங்கிவிடுகிறான், அது வெளியே வரக் காத்திருக்கிறார்கள். இதுதான் மொத்தக் கதையும். துரத்தல் இருக்கிறது, துப்பாக்கி இல்லை, சிரிப்பு நிறைய. நிஜமும் ரசிப்பும் எதிரிகள் என்று யாராவது சொன்னால் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் முன்னாள் போலீஸ் எழுதினால் கிடைக்கும் நிஜம் போலீஸ் பக்கத்து நிஜம் என்பதையும் மறக்கக் கூடாது. 'நாயாட்டு' நல்ல உதாரணம். மூன்று போலீஸ்காரர்கள், தங்கள் துறையே தங்களை வேட்டையாட, ஓடுகிறார்கள். கீழ்மட்டக் காவலர் எவ்வளவு எளிதில் பலியாக்கப்படுவார் என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய படம் குறைவு. அதே படத்தில் தலித் அரசியல் அமைப்பு ஒன்று மிரட்டுகிற சக்தியாகச் சித்திரிக்கப்பட்டது பற்றிக் கடுமையான விமர்சனமும் எழுந்தது. காவல் நிலையத்துக்குள் யார் பலமானவர், யார் பலவீனமானவர் என்ற நடைமுறை உண்மையையே அது தலைகீழாக்கியது என்பது விமர்சகர்கள் தரப்பு. எனக்கு இரண்டு பக்கமும் சரி என்றே படுகிறது. படம் பிரமாதம், புகாரும் நியாயம்.

இதன் மறுமுனையில் 'விசாரணை' (2015). கோவை ஆட்டோ டிரைவர் மு. சந்திரகுமார், ஆந்திராவின் குண்டூரில் போலீஸ் காவலில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' தான் அதன் மூலம். ஸ்டேஷன் அதே ஸ்டேஷன். கேமரா மட்டும் கம்பிக்கு உள்ளே இருக்கிறது. எழுந்து போய்விடலாமா என்று தோன்ற வைக்கும் நிஜம் அது. 'ரசித்தேன்' என்ற சொல்லே வாயில் வராது. ஆனாலும் பாதியில் நிறுத்த முடியாது.

அமெரிக்காவில் இந்தக் கதை இன்னும் பழையது. 1949ல் ரேடியோவில் தொடங்கி 1951ல் டி.வி.க்கு வந்த 'டிராக்நெட்' தான் நிஜ வழக்குகளை வைத்து எடுத்த போலீஸ் தொடர்களுக்குத் தாத்தா. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் ஃபைல்களிலிருந்து கதை, அவர்களுடைய ஒத்துழைப்போடு படப்பிடிப்பு. நடைமுறை விவரங்களில் அவ்வளவு துல்லியம். பதிலுக்கு அந்தத் துறைக்குக் கிடைத்தது பல வருட இலவச விளம்பரம். அதற்கு நேர் எதிர் 2002ல் வந்த 'தி வயர்'. பால்டிமோர் நகரில் க்ரைம் ரிப்போர்ட்டராக இருந்த டேவிட் சைமன், அங்கே கொலை வழக்குகளைத் துப்பறிந்த எட் பர்ன்ஸ் என இருவருமே உள்ளே இருந்து பார்த்தவர்கள். ஆனால் அவர்கள் வழக்கு எப்படித் தீர்கிறது என்பதைவிட ஏன் தீர்வதில்லை என்பதைக் காட்டினார்கள். ஒளிபரப்பான காலத்தில் பார்த்தவர்கள் குறைவு. இன்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது.

ரசிப்புக் கட்சிக்கு வாதமே இல்லையா?

இருக்கிறது, பலமாகவே. 1998 முதல் 2018 வரை சோனி டி.வி.யில் ஓடிய 'சி.ஐ.டி.' தொடரை யாரும் போலீஸ் பயிற்சிக்காகப் பார்க்கவில்லை. கதவை உடைக்க தயா, டெஸ்ட் டியூபைப் பார்த்த உடனே கொலைகாரனின் உயரம் வரை சொல்லும் டாக்டர் சாலுங்கே. எல்லோருக்கும் தெரியும், அது விளையாட்டு. விதி தெரிந்த விளையாட்டில் ஏமாற்று இல்லை.

தமிழ் மரபு இந்தக் கேள்விக்கு எப்போதோ ஒரு பெயர் வைத்துவிட்டது. தொல்காப்பியம் அகப்பாடல்களைப் பற்றிப் பேசும்போது உலகியல் வழக்கு, நாடக வழக்கு என்று இரண்டைச் சொல்கிறது. உலகில் நடப்பது ஒன்று, புனைந்து சுவையாக்குவது இன்னொன்று. இரண்டும் கலந்துதான் பாட்டு. ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்ற தீர்ப்பு அங்கே இல்லை. நமக்குத்தான் 'ரியலிஸ்டிக்' என்றால் படித்தவர் ரசனை, 'மாஸ்' என்றால் மற்றவர் ரசனை என்ற ஒரு மெல்லிய கர்வம் வந்து ஒட்டிக்கொண்டது. புஷ்கர், காயத்ரி உருவாக்கிய 'சுழல்' (2022) மயானக் கொள்ளைத் திருவிழாவை நடுவில் வைத்துத் திட்டமிட்டே நாடகமாக்கியது. அதே வருடம் வந்த 'விலங்கு' ஒரு சின்ன ஊர் ஸ்டேஷனின் புழுக்கத்துக்குள் நம்மை அடைத்துவைத்தது. இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே ஆள் ரசிக்க முடிந்தது.

பார்வையாளர் 'லாஜிக் இல்ல' என்று எரிச்சலாவது பெரும்பாலும் நிஜத்தோடு ஒத்துப்போகாததால் அல்ல. கதை தானே போட்ட விதியைத் தானே மீறுவதால். பறக்கிற ஹீரோ மூன்றாவது ரீலிலும் பறந்தால் பிரச்னை இல்லை. ஐந்து எபிசோட் லெட்ஜர் புரட்டிய எஸ்.ஐ. ஆறாவதில் திடீரென்று பறந்தால்தான் கோபம் வரும்.

சரி, திரையில் வழக்கமாகத் தப்பாக வருவது எது?

போலீஸ்காரர்களே சிரிக்கும் விஷயங்கள் நிறைய. ஒரே அதிகாரி ஒரே நேரத்தில் ஒரே ஒரு வழக்கை மட்டும் பார்ப்பது அதில் முதலிடம். நிஜத்தில் பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, அமைச்சர் வருகை, பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் எல்லாம் அதே ஆள்களின் தலையில்தான். காமன் காஸ், லோக்நீதி அமைப்புகள் 2019ல் வெளியிட்ட இந்தியக் காவல் பணி நிலை அறிக்கைப்படி, போலீஸார் சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார்கள்.

சட்டத்தில் பெரிய ஓட்டை, 'குற்றவாளி ஒப்புக்கொண்டான், வழக்கு முடிந்தது' என்ற அந்தக் கடைசிக் காட்சி. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 25வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23வது பிரிவு. மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால்தான் செல்லும். போலீஸிடம் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் விதிவிலக்கு. இந்த விதி ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அடித்து வாங்குவார்கள் என்ற சந்தேகம் சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரனுக்கே 1872ல் இருந்தது.

அதேபோல, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22வது பிரிவு. திரையில் மூன்று நாள், நாலு நாள் ஏதோ ஒரு குடோனில் 'விசாரணை' நடக்கும். பின்னணியில் இசை ஏறும். நாமும் சீட் நுனிக்கு வருவோம்.

இதனால் நிஜ வாழ்க்கையில் என்ன ஆகிறது?

அமெரிக்காவில் 2000ல் தொடங்கிய 'சி.எஸ்.ஐ.' தொடரைப் பார்த்த ஜூரிகள், எல்லா வழக்கிலும் டி.என்.ஏ. கேட்கிறார்கள் என்று வழக்கறிஞர்கள் புலம்பினார்கள். மிச்சிகன் நீதிபதி டொனால்ட் ஷெல்டன் ஜூரிகளிடம் ஆய்வு செய்து பார்த்தபோது, எதிர்பார்ப்பு கூடியிருந்தது, ஆனால் தீர்ப்பை அந்தத் தொடர் மாற்றியதாகப் பெரிதாகத் தெரியவில்லை. நம்மிடம் ஜூரி முறை இல்லை. நம் ஊரில் பாதிப்பு வேறு இடத்தில் தெரிகிறது.

2019 டிசம்பரில் ஹைதராபாத்தில், பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நான்கு பேர் 'எண்கவுண்டரில்' சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்கள் போலீஸ் மேல் பூ தூவினார்கள், இனிப்பு கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022ல் வெளியே வந்தபோது, கொல்லும் நோக்கத்தோடே சுடப்பட்டார்கள் என்று சொன்னது. அப்போது பூ தூவ யாரும் வரவில்லை. முதல் காட்சி சினிமாவில் நூறு தடவை பார்த்தது. இரண்டாவது காட்சியை எந்த சினிமாவும் பழக்கப்படுத்தவில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்த பிறகு, 'சாமி', 'சிங்கம்' படங்களின் இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். தமிழ் வணிக சினிமாவில் இப்படி ஒருவர் சொன்னது எனக்குத் தெரிந்து அதுவே முதல் முறை. 2023 செப்டம்பரில் மும்பை உயர்நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், 'சிங்கம்' வகைப் படங்கள் ஆபத்தான செய்தியைச் சொல்கின்றன, நீதிமன்றங்களைக் கோழைகளாகவும் போலீஸ் ஹீரோவை மட்டும் நீதி தருபவனாகவும் காட்டுகின்றன என்ற பொருளில் பேசினார். மேலே சொன்ன அதே 2019 அறிக்கையில் இன்னொரு எண்ணும் உண்டு. குற்றவாளிகள் மேல் வன்முறையைப் பயன்படுத்துவது சரியே என்று நினைக்கும் போலீஸார் நாலில் மூன்று பேர்.

இதை வைத்து 'சினிமாதான் கெடுத்தது' என்று முடிவுக்கு வருவது அவசரம். சினிமா வருவதற்கு முன்பே லத்தி வந்துவிட்டது. ஆனால் அடி விழும்போது கைதட்ட வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

என்னைக் கேட்டால், 'சிங்க'த்தைவிட நான் கவனமாகப் பார்ப்பது நிஜம்போலவே இருக்கும் படைப்புகளைத்தான். துரைசிங்கம் ஒரே அறையில் பத்துப் பேரைச் சாய்த்தால் அது கதை என்று குழந்தைக்கும் தெரியும். எர்ணாகுளத்தில் நடக்கும் 'ஆக்ஷன் ஹீரோ பிஜு'வில் (2016) நிவின் பாலியின் எஸ்.ஐ., சின்னச் சின்னப் புகார்களோடு வருகிற சாதாரண மனிதர்களிடம் அன்பாகப் பேசுவார், பஞ்சாயத்து செய்வார், நடுநடுவே சிலரை அடிப்பார். புகார்தாரர் நிஜம், ஸ்டேஷன் நிஜம், சிரிப்பு நிஜம். அதனாலேயே அந்த அடியும் அன்றாட அலுவலக நடைமுறை மாதிரி உள்ளே இறங்கிவிடுகிறது. அந்தப் படத்தை ரசித்தவர்களில் நானும் உண்டு, அதுதான் விஷயமே.

'ஜெய் பீம்' எடுத்த த.செ. ஞானவேலுக்கே ரஜினிகாந்தை வைத்து 'வேட்டையன்' (2024) எடுக்கும்போது எண்கவுண்டர் ஸ்பெஷலிஸ்ட் ஹீரோவாகிவிடுகிறார். எண்கவுண்டர் தவறு என்று சொல்ல வந்த படத்தின் முதல் பாதியில், அதே எண்கவுண்டருக்குத் தியேட்டரில் விசில்.

அடுத்த சீரிஸில் எதைப் பார்க்கலாம்?

ஆடியோவை மலையாளத்துக்கு மாற்றுவது முதல் வேலை. பத்து நிமிடத்தில் காது பழகிவிடும், தமிழர்களுக்கு மலையாளம் அவ்வளவு தூரமில்லை. பிறகு அடி விழும் காட்சியில் கேமரா எங்கே நிற்கிறது, அடிப்பவன் தோளுக்குப் பின்னாலா, அடிபடுபவன் முகத்துக்கு எதிரிலா என்று பாருங்கள். சந்தேக நபர் எந்தத் தெருவிலிருந்து, எந்தப் பேச்சோடு வருகிறார், அவர் நிரபராதி என்று தெரிந்த பிறகு கதை அவரைத் திரும்பிப் பார்க்கிறதா என்பதும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் அவர் ஸ்டேஷன் வாசலோடு மறைந்துவிடுவார்.

இன்னொரு சின்ன விஷயம். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் சி.சி.டி.வி. வைக்கச் சொன்னது. வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை எதுவும் விடுபடக் கூடாது. ஒலியும் பதிவாக வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். 2011ல் கதையை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பிந்தைய காலத்தில் நடக்கும் எந்த சீரிஸ் என்றாலும், விசாரணைக் காட்சி வரும்போது ஒரு நொடி நிறுத்தி, அறையின் மேல் மூலையில் அந்தக் கேமரா இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.